பென்சிலில் மதிப்பெண், பேனாவில் கையெழுத்து

ஜூன் 9, திங்கள்

பத்தொன்பது வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. இனி முடியாது. சொல்வதற்கு ஆள் இல்லாததால் எழுதுகிறேன். போன வருடம் மிஞ்சிய ஆய்வகக் குறிப்பேடு இது.

எனக்கு ஐம்பத்துமூன்று வயது. இயற்பியலில் முனைவர் பட்டம். பொள்ளாச்சி சாலையில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சர்வதேசப் பள்ளியில் ஆசிரியர். 'சர்வதேச' என்ற சொல்லுக்கு இங்கே ஒரே பொருள்தான்: டங்கன்.

டங்கன் இருபத்தாறு வயது ஸ்காட்லாந்துக்காரன். படித்தது விளையாட்டுச் சுற்றுலா நிர்வாகம். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவனை எங்கள் தாளாளர் சென்னியப்பன் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தார். மறு மாதமே அவன் எங்கள் பாடத்திட்ட இயக்குநர். தாளாளருக்குச் சொந்தத் தொழில் கோழித்தீவன ஆலை. தீவனத்துக்குக்கூட இதைவிட அதிகமாகச் சோதனை செய்து ஆள் எடுப்பார்.

ஆய்வக வகுப்புகளை இரண்டு பாடவேளைகளாகச் சேர்க்க வேண்டும் என்று மூன்று வருடமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று ஆசிரியர் கூட்டத்தில் டங்கன் அதைத் திரையில் காட்டி வாசித்தான். என் தாள். என் கையெழுத்துப் பிரதியை அப்படியே படம் எடுத்திருக்கிறான். ஏழு என்ற எண்ணுக்குக் குறுக்கே கோடு போட்டிருந்தது. ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த என் பேராசிரியரைப் பார்த்துப் பழகியது அது. இந்தப் பள்ளியில் அப்படி எழுதுகிறவன் நான் ஒருவன்தான். நாற்பது பேர் திரையைப் பார்த்தார்கள். ஒருவர்கூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

தாளாளர் கைதட்டினார். "பாத்தீங்ளா? இதுக்குத்தானுங் வெளிநாட்டு மூளை வேணுங்கறது."

டங்கன் என்னைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே அவனுக்கு ஏற்பட்டதில்லை.

உள்ளூர் நியமனக்காரர்கள் காலையில் இயந்திரத்தில் விரல் வைக்க வேண்டும். எட்டு நாற்பதுக்கு மேல் ஆனால் அரைநாள் விடுப்பு. வெளிநாட்டு நியமனத்துக்கு விரல் தேவையில்லை. அவர்களுக்கு முகமே போதும்.

ஜூன் 12, வியாழன்

வீட்டில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். பெரியகடை வீதியில் மகளுக்குக் குங்குமப்பூ வாங்கினேன், ஏழாம் மாதம். அசல்தானா என்று வெதுவெதுப்பான பாலில் போட்டுப் பார்த்தோம். அசல்.

ஜூன் 16, திங்கள்

இயற்பியலுக்கு லண்டனிலிருந்து ஆசிரியை வருகிறாராம். துறைத் தலைவர் பதவி காலியாகி எட்டு மாதம் ஆகிறது. எனக்குத் தருவார்கள் என்று நினைத்திருந்தேன் என்பதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

பெயர் ஐரின் பெனடிக்ட். கிழக்கு லண்டனில் எட்டு வருட அனுபவம். நேர்காணலின்போது இணையம் சரியில்லாமல் போனதால் வெறும் குரலிலேயே முடித்துவிட்டார்கள். குரலைக் கேட்டதும் தாளாளருக்குப் பிடித்துவிட்டது. "அச்சு அசலா பிபிசிங் சார்!" என்றார். விண்ணப்பத்தில் புகைப்படம் இல்லை. அவர்கள் நாட்டில் ஒட்டுவதில்லையாம். ஆளின் முகத்தைப் பார்த்து எடுக்கக் கூடாது என்பதற்காக, என்று டங்கன் விளக்கினான். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் தலையாட்டினோம்.

பிறகு பிளக்ஸ் அடிக்கிறவன் வந்து படம் கேட்டான்.

"படம் எங்கிட்ட இல்லையே கண்ணு. நெட்ல ஒண்ண எடுத்துப் போட்டுரு. லண்டன்காரிக எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான இருப்பாங்க" என்றார் தாளாளர்.

முக்கோணச் சந்திப்பில் இருபதடி உயரத்துக்கு பிளக்ஸ் எழுந்துவிட்டது. பொன்னிற முடி, நீலக் கண், கையில் ஒரு குடுவை. குடுவையில் பச்சைத் தண்ணீர். 'லண்டன் ஆசிரியை இனி நம் பிள்ளைகளுக்காக.' இயற்பியலுக்கும் குடுவைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "சயன்ஸ்தானுங்" என்றார்கள்.

ஜூன் 28, சனி

ஓட்டுநர் ஆறுச்சாமி கோவை விமான நிலையத்தில் பெயர்ப்பலகையோடு இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, "அந்தம்மா வரலீங்" என்று வெறும் வண்டியோடு திரும்பினார்.

அரை மணி கழித்து ஒரு வாடகைக் கார் வந்தது. இறங்கியவளை வாயில் காவலர் பதிவேட்டைக் காட்டி நிறுத்தினார். "யாரப் பாக்கோணும்? இன்னிக்கு ஆயா வேலைக்கு இன்டர்வ்யூ இல்லம்மா."

நான் அங்கேதான் நின்றிருந்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். என் நிறம். இல்லை, என்னைவிடக் கொஞ்சம் கூடுதல். தோளில் முதுகுப்பை, கையில் பெரிய பெட்டி.

"நான் ஐரின் பெனடிக்ட். உங்கட டிரைவர் என்ர பேரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். நான் போய், நான்தான் எண்டு சொன்னன். 'தள்ளி நில்லும்மா, எங்க டீச்சர் வர்ற நேரம்' எண்டிட்டார்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பிறந்தது லண்டனில். வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று அப்பா கட்டாயம் வைத்திருந்தாராம்.

தாளாளர் மாலையோடு வெளியே வந்தார். அவளைப் பார்த்தார், காரைப் பார்த்தார், காருக்குள் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தார். மாலை கடைசியில் விநாயகர் சிலைக்குப் போனது.

ஜூலை 2, புதன்

எனக்கு அவள் மேல் கோபம். நியாயமா என்று தெரியவில்லை, ஆனால் இருக்கிறது.

அவளுக்கும் வெளிநாட்டு நியமனம். குளிரூட்டப்பட்ட வீடு, துணி துவைக்கும் இயந்திரம், விரல் வைக்க வேண்டாம். டங்கனுக்குக் கொடுத்தால் பழகிவிட்டது. என் நிறத்தோடு, என் மொழியோடு ஒருத்தி வந்து அதே வரிசையில் நிற்கும்போது, அப்படியென்றால் என்னிடம் இல்லாதது தோல்கூட இல்லை, கடவுச்சீட்டு என்ற ஒரு சின்னப் புத்தகம் மட்டும்தானா என்று வயிறு எரிகிறது.

இன்று ஆய்வகத்துக்கு வந்தாள். என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "அட, நீங்கள் ஏழுக்குக் கோடு போடுறனீங்களோ? அப்ப நோட்டீஸ் போர்டில இருக்கிற லேப் பிளான் உங்கடயோ? டங்கன் தன்ர எண்டெல்லோ சொன்னவர்!" என்றாள்.

குறிப்பேட்டை மூடி இழுப்பறைக்குள் வைத்தேன்.

"ஏன் சார் பேசாமல் இருக்கிறியள்?"

"உங்களுக்குப் புரியாது" என்றேன்.

"எனக்கோ?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு அலைவுகாட்டிக் கருவி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 5, சனி

என் மனைவி சௌந்தரி ஐரினைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். ஐரின் புளிக்குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். அவள் போன பிறகு சௌந்தரி சொன்னது: "கலர்தான் கம்மி. மத்தபடி எவ்வளவு லட்சணம்!"

மோட்டார் மறுபடி நின்றுவிட்டது.

ஜூலை 12, சனி

பெற்றோர் கூட்டம். வழக்கம்போல என் வேலை டங்கனுக்குப் பக்கத்தில் உட்காருவது. பிள்ளைகளின் பெயர் அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு குடும்பமும் நாற்காலியில் உட்காரும் முன் பெயரையும் மதிப்பெண்ணையும் அவன் காதில் சொல்வேன். அவன் அதைத் திருப்பிச் சொல்வான். பெற்றோருக்குக் கண் கலங்கும். "எத்தன அக்கறையா பேரச் சொல்லிக் கூப்புடறாருங்!" பிறகு அவனோடு படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படங்களில் ஓரமாக என் வலது தோள் இருக்கும். பத்து ஊர் வரவேற்பறைகளில் என் வலது தோள் மாட்டியிருக்கிறது.

அடுத்த மேசையில் ஐரின் இருந்தாள். வரிசை இல்லை. விசைத்தறி முதலாளி ஒருவர் மட்டும் வந்து நின்றார்.

"ஏனுங்ம்மா, போர்டுல இருக்கறவிங்க எப்ப வருவாங்க?"

"அவவோ? அவ வெயிலுக்குப் பயந்து போர்டிலயே நிண்டிட்டா. அவவின்ர வேலையை நான்தான் பாக்கிறன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தாளாளரிடம் நேராகப் போனார். எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினார். "லண்டன்னு சொல்லித்தானுங் புள்ளையச் சேத்துனேன். இந்தம்மா நம்ம காட்டுல களையெடுக்கறவிங்க மாதிரி இருக்குது. இதுக்கு நம்மூரு பள்ளிக்கூடமே போதுமே?"

"லண்டன்தானுங்..."

"லண்டன்னா பாத்தா தெரியோணுமல்லொ!"

அவரும் கறுப்புத்தான். அவர் மகளும் கறுப்பு. அந்தச் சிறுமி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அடுத்த குடும்பம் உட்கார்ந்துவிட்டது. டங்கன் காதை என் பக்கம் சாய்த்தான். "நிவேதா, எழுபத்திரண்டு" என்றேன்.

ஜூலை 21, திங்கள்

தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் இளநீர்.

"ஒம்போது பேரு டீசி கேட்டுட்டாங்க சார். தப்பு அந்தம்மா மேல இல்லீங், நம்ம மேலயும் இல்லீங். சனம் அப்படி. ப்ரொபேஷன் மூணு மாசம் முடியறக்குள்ள, வகுப்பு சரியில்லைன்னு எழுத்துல இருந்தா, கௌரவமா அனுப்பிச்சுரலாம். பாடம் தெரிஞ்ச ஆளு பாத்து எழுதுனாத்தான் நிக்கும். டங்கன் எழுதுனா, வெள்ளக்காரன் கறுப்பு டீச்சர வெரட்டிட்டான்னு அந்தம்மா கேஸ் போட்டுரும். நீங்க எழுதுனா யாரு என்ன சொல்ல முடியும்? நீங்க அவிங்க ஆளு."

நான் இளநீரைக் குடித்து முடித்தேன்.

"துறைத் தலைவர் போர்டு ரெடி பண்ணச் சொல்லட்டுங்ளா?"

பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். நேர்மையாகத்தான் சொன்னேன்.

ஜூலை 24, வியாழன்

அவள் வகுப்பைப் பார்த்தேன். எழுதிவிடுகிறேன்: என் வாழ்க்கையில் பார்த்த மிகச் சிறந்த வகுப்பு.

தாழ்வாரத்து உத்தரத்தில் நீளமான கயிறு கட்டி ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டாள். மூக்குக்கு நேரே இழுத்துப் பிடித்து விட்டுவிட்டு, அசையாமல் நிற்க யாருக்குத் தைரியம் என்று கேட்டாள். பையன்கள் பின்வாங்கினார்கள். விசைத்தறிக்காரரின் மகள் முன்னால் வந்தாள். செங்கல் போனது, திரும்பி வந்தது, அவள் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்று மறுபடி போனது. சிறுமி கண்ணைக்கூட மூடவில்லை.

"ஏன் பயப்படேல்லை?" என்று ஐரின் கேட்டாள்.

"கொடுத்ததவிட அதிகமா அதால திருப்பித் தர முடியாதுங் மிஸ்."

ஒரு வருடம் என்னிடம் படித்த பெண் அவள். அவள் குரலை நான் கேட்டதே இன்றுதான்.

படிவத்தில் பத்துத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து. இந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. மதிப்பெண்ணைப் பென்சிலில் போட வேண்டும், கையெழுத்தைப் பேனாவில் போட வேண்டும். மேலிடம் பார்த்துச் சமன் செய்ய வசதியாக இருக்குமாம். ஐம்பதுக்கு நாற்பத்தொன்று போட்டேன். கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். ஐம்பதே போட்டிருக்கலாம். முழுமதிப்பெண் போட்டுப் பழக்கமில்லை.

ஜூலை 25, வெள்ளி

படிவம் திரும்பி வந்தது. மேலே ஒரு சின்னச் சீட்டு: 'சார், வீட்டில் வைத்து நிதானமாக மறுபடி ஒருமுறை பாருங்கள்.' ரப்பர் வைத்த புதுப் பென்சில் ஒன்றும் இணைத்திருந்தார்கள்.

ஜூலை 26, சனி

மழை. சௌந்தரி தெரியாமல் படிவத்தின் மேல் காபி டம்ளரை வைத்துவிட்டாள். வட்டமாகக் கறை. கத்தினேன். இருபத்தேழு வருடத்தில் அப்படிக் கத்தியதில்லை என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ஜூலை 28, திங்கள்

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். மோட்டாருக்குப் புது மின்தேக்கி போட்டதும் ஓடுகிறது.

ஜூலை 31, வியாழன்

ஆய்வகக் கதவில் பெயர்ப்பலகை மாட்டினார்கள். நீல நிறத்தில் வெள்ளை எழுத்து. முனைவர் என்பதை விட்டுவிட்டார்கள். சேர்த்து மாட்டச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஐரினுக்கு இன்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். வகுப்புத் தரம் போதாமை. இணைப்பு: மதிப்பீட்டுப் படிவத்தின் நகல்.

நேராக ஆய்வகத்துக்கு வந்தாள். நான் சொல்ல வேண்டியதைத் தயாராக வைத்திருந்தேன். மதிப்பெண் பென்சிலில்தான் இருக்கும், மேலிடத்தில் சமன் செய்வார்கள், என் கையில் எதுவும் இல்லை. மூன்றையும் சொன்னேன்.

அவள் நகலை மேசையில் விரித்தாள். காபிக் கறை வட்டமாக விழுந்திருந்தது. அதற்குள் மொத்த மதிப்பெண். ஐம்பதுக்கு இருபத்தேழு. ஏழின் மேல் விரலை வைத்தாள்.

"சார், உங்கட ஏழு."

நகலெடுக்கும் இயந்திரம் அவ்வளவு மெல்லிய கோட்டையும் விடாமல் எடுத்திருந்தது.

"டங்கன் உங்கட பிளானைக் களவெடுத்தது எனக்கு இதை வச்சுத்தானே தெரியும். நீங்கள் பாவம் எண்டு நினைச்சன்."

"உங்களுக்கு லண்டன் இருக்கிறது. திரும்பிப் போய்விடலாம். எனக்கு எங்கே போவது?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "பத்தொன்பது வருடம் நீங்கள் இங்கே இருந்து பாருங்கள். ஒவ்வொரு நாளும் விரல் வைத்துப் பாருங்கள். அப்புறம் எனக்கு நியாயம் சொல்லலாம்."

"லண்டனோ?" என்றாள். "அங்க நான் இந்தியன் டீச்சர். எட்டு வருஷமா, 'உங்கட இங்கிலிஷ் நல்லாயிருக்கு' எண்டு சொல்லுவினம். அப்பா பெட்ரோல் ஷெட்டில நிண்டவர், எம்.எஸ்ஸி. படிச்சிட்டு. ஒருக்காவாவது எங்கட ஆக்களுக்குள்ள, நிறம் ஒரு கதையா இல்லாத இடத்தில நிண்டு படிப்பிக்க வேணும் எண்டு வந்தன்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். நகலை மடித்து எடுத்துக்கொண்டாள்.

வாசலில் பெயர்ப்பலகையைப் பார்த்து நின்றாள். "இதில டொக்டர் எண்டு போடேல்லை. கேட்டு வாங்குங்கோ சார். விலை குடுத்திட்டியளே."

ஆகஸ்ட் 6, புதன்

விமான நிலையத்துக்கு ஆறுச்சாமிதான் கொண்டுபோய் விட்டார். முக்கோணச் சந்திப்பில் பிளக்ஸுக்குக் கீழே வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்தப் பொன்னிற முடிக்காரியோடு தன்னைப் படம் எடுத்துத் தரச் சொன்னாளாம். "வாய்விட்டுச் சிரிச்சாங்க சார். பொறகு கோயமுத்தூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசலீங்" என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

துறைத் தலைவராக என் முதல் கூட்டம். நான் எழுதிய ஆண்டுத் திட்டத்தை டங்கன் வாசித்தான். தாளாளர் கைதட்டினார்.

ஐரின் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று. யோகா கற்க வந்த போலந்துப் பெண், இருபத்துமூன்று வயது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. ஆனால் பொன்னிற முடி. பிளக்ஸை மாற்ற வேண்டியதில்லை என்று தாளாளருக்கு நிம்மதி. டீசி கேட்ட ஒன்பது பேரும் திரும்ப வந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் பாடம் தயாரித்துக் கொடுக்க வேண்டியது நான்.

விசைத்தறிக்காரரின் மகள் வகுப்பில் மறுபடி வாயைத் திறப்பதில்லை.

காலையில் விரல் வைத்தேன். எட்டு நாற்பத்தொன்று. அரைநாள் போயிற்று.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினோம். ஏற்றியது டங்கன். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

மாலையில் மருமகன் போன் செய்தார். பெண் குழந்தை, நாள் முந்திப் பிறந்துவிட்டது, இருவரும் நலம். குழந்தை என்ன நிறம் என்று சௌந்தரி கேட்டாள்.

மேலே உள்ள வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். நான்தான் கேட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரண்டு நாளாக ஒரு புகார்க் கடிதம் எழுதிப் பார்த்தேன். டங்கன், தாளாளர், பிளக்ஸ், விரல் இயந்திரம், எல்லாம் நன்றாக வந்தன. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நின்றது: 'மதிப்பெண்கள் பின்னர் மாற்றப்பட்டன.' யாரால் என்று எழுதாமல் அந்த வாக்கியத்தை நாற்பது விதமாக எழுதலாம். எழுதிப் பார்த்துவிட்டேன். தமிழ் இதற்கு நன்றாக ஒத்துழைக்கிறது.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக இந்தக் குறிப்பேட்டையே தட்டச்சு செய்தேன். ஊர் பெயரையும் ஆள் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மற்றபடி குங்குமப்பூ உட்பட ஒன்றையும் விடவில்லை. ஆசிரியர்களுக்கென்று ஒரு இணையப் பக்கம் இருக்கிறது, இன்று இரவே அதில் ஏற்றிவிடுவேன். இதைப் படிக்கும் தாளாளர்கள் சிரிக்கட்டும். படிக்கும் டங்கன்கள், யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால், வருத்தப்படுவார்கள். வருத்தப்படுவது அவர்களுக்கு எப்போதும் சுலபம்.

பெயருக்கென்று அங்கே ஒரு கட்டம் இருக்கிறது. ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருடம். இருப்பது பள்ளி கொடுத்த வீடு. வெளியே அனுப்பினால் இந்த வயதில் எடுக்க ஆளில்லை. எல்லாம் உண்மையான காரணங்கள்தான். அவளை எழுதி அனுப்பிய தாளில் என் பெயர் பேனாவில், தெளிவாக, முனைவர் பட்டத்தோடு இருக்கிறது என்பதும் உண்மைதான்.

தட்டச்சு செய்ததை ஒருமுறை படித்துப் பார்த்தேன். இயந்திரம் எல்லா ஏழையும் ஒரே மாதிரிதான் போடுகிறது, குறுக்கே கோடு இல்லாமல். இதை எழுதியவன் யார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.